சல்லியிலிருந்து வந்த தாய்

"உங்கள் கடைக்குள் வந்தவர் இவர்தானே?"

அரச சட்டத்தரணி எதிரிக்கூண்டைக் காட்டிக் கேட்டார். அங்கே சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த கஜீபன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

சாட்சிக்கூண்டில் நின்ற ஸஹ்ரா அவனை நன்றாகப் பார்த்தாள்.

"எனக்குச் சொல்ல ஏலாது, ஐயா."

நீதிமன்றம் சலசலத்தது. பின்வரிசையில் இருந்த, அவள் 'நானா' என்று அழைக்கும் அண்ணன் ஹஸ்மி எழும்பியே விட்டார்.

கொள்ளைபோனது அவருடைய போன் கடை. வெள்ளிக்கிழமை, ஆண்கள் எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரம். கடையில் ஸஹ்ரா மட்டும். ஹெல்மெட்டோடு வந்த ஒருவன் கத்தியைக் காட்டி, அலுமாரியில் இருந்த புதுப் போன்களை அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

கஜீபனைப் பிடித்தார்கள். அவனிடம் ஒரு போன்கூட அகப்படவில்லை. வழக்கு முழுவதும் ஸஹ்ராவின் கண்ணை நம்பித்தான் நின்றது.

"அடையாள அணிவகுப்பில் இவரைத்தானே தொட்டுக் காட்டினீர்கள்?"

"ஓம் ஐயா."

"அப்படியென்றால் இப்போது ஏன் மாறுகிறீர்கள்?"

"அதுக்கு முதல் ஒரு பொலிஸ்காரர் போன்ல ஒரு படம் காட்டினார். அணிவகுப்புல நான் தொட்டது அந்தப் படத்தில இருந்த ஆளை."

சட்டத்தரணியின் குரல் கடுமையானது.

"யாராவது உங்களைப் பயமுறுத்தினார்களா?"

"இல்ல."

"பொய்ச் சாட்சி என்று உங்கள்மேல் வழக்கு வரலாம். தெரியும்தானே?"

"தெரியும் ஐயா."

 

நீதிபதி அவள் பக்கம் திரும்பினார்.

"இதை ஏனம்மா இவ்வளவு காலமும் சொல்லவில்லை?"

"என்னட்ட யாரும் கேக்கல்ல ஐயா. 'மாறாமச் சொல்லு, மாறாமச் சொல்லு' என்டுதான் எல்லாரும் சொன்னாங்க. நேத்துத்தான் இருந்து யோசிச்சுப் பாத்தன். கடைய நினைச்சா ஹெல்மெட்டும் கத்தியும்தான் வருது. முகம் அந்தப் படத்தில இருந்துதான் வருது."

வேறு சாட்சி இல்லை. கஜீபன் அன்றே விடுதலையானான்.

வாசலில் நின்றவர்களின் கதை ஸஹ்ராவின் காதில் விழுந்தது. "நல்லாக் காசு வாங்கியிருப்பா போல." அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்து போய் ஓட்டோவில் ஏறினாள்.

ஹஸ்மியும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஓட்டோ துறைமுக வீதிக்கு வந்ததும் கத்தினார்.

"நாளைக்கு இருந்து கடைப்பக்கம் வராத!"

"சரி நானா."

அவள் அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்திருந்தவருக்கு அந்தச் 'சரி' இன்னும் கோபத்தை மூட்டியது.

"நேத்து அவன்ட தாய் நம்மட ஊட்டுக்கு வந்தத முழுத் தெருவும் கண்டிருக்கு. கையில பையும் இருந்திச்சாமே. என்ன தந்தா?"

"ஒண்டும் தரல்ல. பையில குடையும் தண்ணிப் போத்தலும்தான். வெயிலுக்குள்ள பஸ்ல வந்திருந்தா. நான்தான் போத்தலுக்குத் தண்ணி ஊத்திக் குடுத்தன்."

"ஒண்டும் தராம சும்மா வந்தாவா? அழுதிருப்பாவே?"

"அழல்ல."

"அப்ப, கெஞ்சினாவா?"



"ஓம். என்ட ரெண்டு கையையும் புடிச்சிக் கெஞ்சினா."

"பாத்தியா!" ஹஸ்மி முழங்காலில் அடித்தார். "நான் அப்பவே நினைச்சன். மகன விடச் சொல்லிக் கெஞ்சியிருக்கா. நீயும் இரக்கப்பட்டுப் போய் என்ட வழக்கக் கவுத்துட்டாய்!"

ஸஹ்ரா அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நானா, அவ என்ன சொல்லிக் கெஞ்சினா தெரியுமா? 'நல்லா யோசிச்சுப் பாருங்கோ பிள்ளை. நீங்கள் கண்டது என்ர மகனைத்தான் எண்டால், தாய் பாவம் எண்டு பாத்து அவனை விட்டிடாதேங்கோ.'"