குன்றில் கேட்ட மந்திரம்

"உங்க முட்டைக் கூடையைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போங்க, நெவில். இந்தச் சரிவு எங்களுக்கு."

"ஏன், புல்லுல உங்க பேரு முளைச்சிருக்கா, பிரயனி?"

ஈஸ்டர் ஞாயிறு. பொழுது விடிந்தும் விடியாத நேரம். இங்கிலாந்தின் யார்க்‌ஷர் தூறல் ஊசி மாதிரி குத்திக்கொண்டிருந்தது. ஊர்க் கிறிஸ்தவ ஆலயத்துக்குச் சொந்தமான குன்றின் உச்சியில் இரண்டு குடும்பங்கள் மல்லுக்கு நின்றன.

நெவில் பள்ளியில் அறிவியல் வாத்தியார். ஊரறிந்த நாத்திகர். பிரயனி அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரி. சூரியனையும் பூமியையும் கும்பிடுகிறவள். தலையில் இலைக் கிரீடம், தோளில் மேளம். ஈஸ்டர் வழக்கப்படி சரிவில் முட்டை உருட்டி விளையாடுவதற்காக இரண்டு பேருமே பிள்ளைகளோடு வந்திருந்தார்கள்.

"முதல்ல சூரியன் வரட்டும். வசந்த தேவதைக்கு நன்றி சொல்லணும். அப்புறம்தான் உருட்டணும்" என்றாள் பிரயனி.

"முட்டைக்கு நன்றி சொல்றதுன்னா கோழிக்குச் சொல்லுங்க. அதுதானே கஷ்டப்பட்டுப் போட்டுச்சு?"

"சாமியே இல்லைங்கிறவருக்கு ஈஸ்டர் அன்னிக்கு இங்க என்ன வேலை?"

"முட்டை கீழே உருள்றதுக்குப் புவியீர்ப்பு போதும். பக்தி தேவையில்ல."

பெரியவர்கள் வாய்ச்சண்டையில் இருக்க, பிள்ளைகள் நிறமேற வெங்காயச் சருகு போட்டு அவித்த பிரயனி வீட்டு முட்டைகளையும், நெவில் வீட்டுச் சாக்லேட் முட்டைகளையும் ஒன்றாகக் கலந்து பாதியை உருட்டிவிட்டிருந்தார்கள். மீதிப் பாதி வாயில்.

அப்போதுதான் கீழிருந்து ஒரு குடை மேலேறி வந்தது. குடைக்கடியில் ஹில்டா. ஊர் ஆலயத்தின் பெண் போதகர், ஆயரம்மா.

"வந்துட்டாங்கய்யா" என்று முணுமுணுத்தார் நெவில். பிறகு உரக்கவே சொன்னார்: "ஆயரம்மா, நிலம் ஆலயத்துக்குச் சொந்தமா இருக்கலாம். நடக்கிற பாதை பொதுப்பாதை. எங்களைத் துரத்த முடியாது."

"ஐயோ, யாரு துரத்தப் போறா? நீங்க பாட்டுக்கு உருட்டுங்க. நான் எங்க ஆளுங்களுக்காகக் காத்திருக்கேன். விடியற்கால ஆராதனை இங்கதான்."

"ஆராதனையா? யாரையும் காணோமே?"

"வருவாங்க. போன ஞாயிறு யார் யார் வருவீங்கன்னு கேட்டப்போ எல்லாருமே கை தூக்கினாங்க. டோரின் ரெண்டு கையையும் தூக்கினாங்க."

ஹில்டா மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்தார். பாட்டுப் புத்தகத்தைக் கோட்டுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார். கீழே ஊரைப் பார்த்தார். ஒரு வீட்டிலும் விளக்கு எரியவில்லை. டோரின் வீட்டில் மாடி ஜன்னல் மட்டும் திறந்திருந்தது.

கிழக்கே மேகத்தின் ஓரம் லேசாகச் சிவந்தது. பாதையில் ஒரு நாய்கூட வரவில்லை.

"மழைதான் காரணம்" என்றார் ஹில்டா, யாரும் கேட்காமலே. "வயசானவங்க பாவம், வழுக்கும்."

"நீங்க மட்டும் குமரியாக்கும்?" என்றாள் பிரயனி.

ஹில்டா சிரித்தார். "எனக்கு இது கடைசி ஈஸ்டர்மா. கோடையில பணி ஓய்வு. ஒரு தடவையாவது சூரியன் உதிக்கிறப்போ இங்க நின்னு பாடணும்னு ரொம்ப நாளா ஆசை. தனியாப் பாடினா குரல் பிசிறு தட்டும். சரி விடுங்க, பத்து மணி ஆராதனையில பார்த்துக்கலாம்."

குடையை ஊன்றி எழுந்து, சரிவில் மெல்லக் கால் வைத்தார்.

பிரயனி நெவிலைப் பார்த்தாள். நெவில் மேகத்தைப் பார்த்தார். செருமினார்.

"ஆயரம்மா, கொஞ்சம் நில்லுங்க" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

பத்து மணிக்கு ஆலயம் நிரம்பி வழிந்தது. புதுத் தொப்பிகள், புதுக் கோட்டுகள், மல்லிகை சோப்பு வாசனை. ஆராதனை தொடங்குமுன் ஆலய நிர்வாகி டோரின் விருட்டென்று எழுந்தார்.

"ஆயரம்மா, ஒரு விஷயத்தை எல்லார் முன்னாடியும் பேசியாகணும். இன்னிக்கு விடியக்காலையில நம்ம குன்றுல அந்த ரெண்டு குடும்பமும் சேர்ந்து அடிச்ச கூத்து இருக்கே, கேட்கச் சகிக்கல!"

"நீங்க பார்த்தீங்களா டோரின்?"

"பார்க்கணுமாக்கும்? படுக்கையில படுத்திருந்த எனக்கே கேட்டுச்சு. டமடமன்னு மேளம். அந்த ஆளு கட்டைக் குரல்ல என்னமோ மந்திரம் ஓதறான். சின்னப் பிள்ளைங்க வேற கூடச் சேர்ந்து கத்துதுங்க. உடம்பெல்லாம் நடுங்கிப்போச்சு. ஜன்னலை இழுத்துச் சாத்திட்டுத்தான் மறுபடி தூங்க முடிஞ்சுது!"

"அநியாயம்" என்றது ஒரு தொப்பி.

"அதுவும் ஈஸ்டர் அன்னிக்கு" என்றது இன்னொன்று.

"இனிமே அந்த ரெண்டு குடும்பமும் நம்ம நிலத்துல கால் வைக்கக் கூடாது. இங்கேயே, இப்பவே முடிவு பண்ணுவோம். யார் யாருக்குச் சம்மதம்?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. டோரின் இரண்டு கையையும் தூக்கினார்.

ஹில்டா ஈரம் காயாத பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, ஆர்கன் வாசிப்பவரிடம் பக்கத்தைக் காட்டினார். பிறகு கண்ணாடிக்கு மேலாக டோரினைப் பார்த்துக் கனிவாகச் சொன்னார்.

"அது மந்திரம் இல்ல, டோரின். இப்ப நாம பாடப்போற ஈஸ்டர் பாட்டு. நெவிலுக்கு எல்லாச் சரணமும் மனப்பாடம்!"