சீசரின் வயிறு

சுற்றிச் சுற்றி வந்தது. நின்றது. மறுபடியும் சுற்றியது.

அதைப் பழக்கும் காவலர் ரெஜினா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காவல்துறை மோப்ப நாய்ப் பிரிவின் மைதானம், வேலியோரம். விடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எட்டு மாத லாப்ரடார் குட்டி முதுகை வளைத்துக் குந்தியது.

பேர் என்னவோ சீசர். இருபத்து மூன்று நாளாக வயிறு மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை.

மூன்று மருந்து மாற்றியாயிற்று. ரத்தம் எடுத்துப் பார்த்தாயிற்று. குழைந்த சோறும் உப்பில்லாத கோழியும்தான் சாப்பாடு. அதுவும் அவள் கையால் மட்டும். வேறு யார் நீட்டினாலும் சீசர் தொடக்கூடாது என்பது அந்தப் பிரிவின் சட்டம். ஆகவே பழி போடவும் ஆள் இல்லை.

தினமும் காலையில் எஸ்.ஐ. ஒரே கேள்வியைத்தான் கேட்பார். இன்றைக்குச் சாம்பாரா, ரசமா? கூட நிற்கும் நாலு பேரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

வெள்ளிக்கிழமை கடைசிக் கெடு. அதற்குள் தேறவில்லையென்றால் சீசரை யாருக்காவது தள்ளிவிட்டுவிடுவார்கள். அவள் மறுபடி லத்தியைத் தூக்கிக்கொண்டு பந்தோபஸ்துக்கு நிற்க வேண்டும். அதுகூடப் போகட்டும். அந்த ஈர மூக்கு காலையில் வேறு யார் கையிலோ உரசும் என்பதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை.

குட்டை உடைத்தவை எறும்புகள்.

திங்கட்கிழமை சட்டைப்பைக்குள் கையை விட்டவளைச் சுரீரென்று கடித்தன. உதறினால், பை நிறையப் பால் பிஸ்கட் தூள்.

பயிற்சியில் ஒரு பெட்டியைச் சரியாக மோந்து காட்டினால் ஒரு பிஸ்கட். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை. வேறென்ன கொடுக்கிறாய் என்று டாக்டர் தலைதலையாய் அடித்துக்கொண்டு கேட்டிருந்தார். ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தாள். பொய் இல்லை. அதைச் சாப்பாடு என்று அவள் நினைக்கவே இல்லை. அது சீசரின் சம்பளம்.

கிறுக்கி, கிறுக்கி என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். அங்கேயே உட்கார்ந்து, கைக்குக் கிடைத்த வெள்ளை நூலால் பையின் வாயைத் தைத்தாள். மனசு இளகிவிடக்கூடாது அல்லவா.

வயிறு மெல்ல அடங்கத் தொடங்கியது. ஆனால் சீசர் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டது. சம்பளம் இல்லாத பெட்டிகளை நேற்றுவரை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது எழுந்தது. பின்னங்காலால் மண்ணை உதைத்துத் தள்ளியது.

அவள் குனிந்து பார்த்தாள்.

கெட்டி. உருண்டு திரண்டு, நல்ல கெட்டி.

கண் கலங்கிவிட்டது. எதைப் பார்த்து அழுகிறோம் என்று உறைத்ததும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பின்னால் பூட்ஸ் சத்தம்.

"என்ன ரெஜினா, சாம்பாரா, ரசமா?"

விறைப்பாக நின்று சல்யூட் அடித்தாள்.

"கொழுக்கட்டைங்க ஐயா."

நாலு பேரும் சிரித்தார்கள். இந்தத் தடவை அவள்தான் முதலில் சிரித்தாள்.

எஸ்.ஐ. எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். வயிறு சரி, வேலை எப்படி என்பதுபோல் மைதானத்தின் நடுவே கையைக் காட்டினார்.

வரிசையாக ஆறு பெட்டிகள். ஒன்றில் மட்டும் வெடிமருந்து. எதில் என்று வைத்த அவருக்குத்தான் தெரியும்.

வாரை அவிழ்த்துவிட்டாள்.

முதல் பெட்டியைத் தாண்டியது. இரண்டாவதையும் தாண்டியது. மூன்றாவதில் ஒரு காக்கையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஐந்தாவது பெட்டியின் முன் சீசர் உட்கார்ந்தது.

அசையவில்லை. உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்தது.

ஓடிப்போய் மண்டியிட்டாள். மூக்கு நேராகச் சட்டைப்பைக்குத்தான் போனது. தையலை மோந்தது. நம்பாமல் இன்னொரு தடவை மோந்தது.

கொடுக்க அவளிடம் வெறுங்கைதான் இருந்தது. அதை நீட்டினாள்.

சீசர் தன் மோவாயை அந்தக் கைக்குள் வைத்தது. வால் மண்ணைப் பெருக்கியது. ராசா, என் ராசா என்று கொஞ்சினாள்.

எஸ்.ஐ. ஐந்தாவது பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு மூடினார். பிறகு அவள் சட்டைப்பையையே உற்றுப் பார்த்தார். காக்கித் துணியில் கோணல்மாணலாக வெள்ளைத் தையல். சீருடை விஷயத்தில் மனிதர் பொல்லாதவர்.

அவள் கையால் மறைக்கப் பார்த்தாள். கை சீசரிடம் இருந்தது.

"காக்கி நூல் வாங்கி அழுத்தமாத் தைச்சிரும்மா," என்றார். "ரொம்ப வருஷம் உழைக்கணும்ல."