அட்டைப்பெட்டி வீடு

பலகைமேல் பொம்மை ரயில் நெருங்கும்போதெல்லாம் லெவல் கிராசிங் கேட் தானாக மூடிக்கொள்ளும். கட்டைவிரல் நீள ஆம்புலன்ஸ் ஒன்று சிவப்பு விளக்கு மின்ன அதன் முன்னால் காத்துக் கிடக்கும். உடனே திருமேனி ரயிலை நிறுத்துவார். கேட்டைத் தூக்கிப் பிடித்து, ஆம்புலன்ஸை விரலால் ஆஸ்பத்திரி வாசல்வரை தள்ளிக்கொண்டு போவார். மகள் இறந்ததிலிருந்து தினமும் இதே வேலை.

"அன்னிக்கு இந்தக் கேட்டு மட்டும் தொறந்திருந்தா..." என்றார் இன்றைக்கும்.

அவர் மனைவி கோசலை உள்ளே போய், காலி ஓமவாட்டர் அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துவந்து பலகையின் ஓரத்தில் வைத்தாள்.

"என்ன இது?"

"நம்ம வீடு. எல்லாத்தையும் செஞ்சீங்க, இதை விட்டுட்டீங்க."

கேட்டருகே நின்ற ஆம்புலன்ஸைத் தூக்கி ஆஸ்பத்திரி வாசலில் திருப்பி வைத்தாள்.

"புள்ள வயித்தைப் புடிச்சுக்கிட்டுத் துடிச்சப்ப, 'ஓமவாட்டர் குடு, விடிஞ்சா சரியாயிரும்'னீங்க. நானும் குடுத்தேன். விடியறவரைக்கும் வண்டி இங்கதாங்க நின்னுச்சு. அதுவரைக்கும் நாம கூப்பிடவே இல்ல."

திருமேனி ரயிலை ஓடவிட்டார். அது சுற்றிச் சுற்றி வந்தது. கேட் மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. அதன் முன்னால் காத்திருக்க இப்போது யாருமில்லை.