பாகற்காய் செய்த துரோகம்

ரத்தப் பரிசோதனைக்கு இரண்டே நாள் இருக்கும்போது, தணிகாசலத்தின் ஃப்ரிட்ஜுக்குள் ஒரு பாகற்காய் வந்து சேர்ந்தது. அதற்குத் தலைகால் புரியவில்லை.

"ஐயா என்னைத்தான் நம்பியிருக்கார்," என்றது.

மேல்தட்டில் நிரந்தரமாகக் குடியிருந்த மைசூர்பாகு நெய் வழியச் சிரித்தது. "போன டெஸ்டுக்கு வந்த உங்க அண்ணனும் இதையேதான் சொன்னார். எனக்கு ரெண்டு நாள் லீவு, அவ்வளவுதான்."

பாகற்காய் காதில் வாங்கவில்லை. பாதி உடம்பைச் சாறாகவும் கால் உடம்பைப் பொரியலாகவும் கொடுத்துவிட்டு, மீதிக் கால் உடம்போடு பாராட்டுக்குக் காத்திருந்தது.

ரிசல்ட் வந்தது. அந்தப் பொல்லாத டெஸ்ட் இரண்டு நாள் விரதத்தை மதிக்காமல், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லிவிட்டது. கொழுப்பும் தன் பங்குக்கு ஏறியிருந்தது.

தணிகாசலம் ஃப்ரிட்ஜைத் திறந்தார். "உன்னைப் போய் நம்பினேன் பாரு!" என்று பாகற்காயைக் குப்பைக் கூடையில் எறிந்தார். மனசு ஆறவேண்டும் அல்லவா? இரண்டு துண்டு மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு போனை எடுத்தார்.

கூடைக்குள் கிடந்த பாகற்காய்க்குத் தெளிவாகக் கேட்டது:

"டாக்டர், எனக்கு இந்தப் பாகற்காய் ஒத்துக்கவே இல்லை."