நர்ஸின் பகல் தூக்கம்

"ராத்திரியெல்லாம் டியூட்டி பார்த்துட்டு வர்றவ சார் நான்! பகல்லகூட கண்ணை மூட விடமாட்டீங்களா?"

மாடிப்படியேறி வந்து கீழ்வீட்டு நர்ஸ் போட்ட சத்தத்துக்குத் தெருவே காதைத் தீட்டிக்கொண்டது. மாடியில் குடியிருந்த தனிக்கட்டையான கிதார் மாஸ்டருக்கோ வீடு பறிபோய்விடுமோ என்று பயம். கிதாரோடு வருகிறவனுக்கு வேறு யார் வீடு கொடுப்பார்கள்?

"மன்னிச்சுக்குங்கம்மா. இனிமே பகல்ல வாசிக்கல."

"வாசிக்க வேணாம்னு யாரு சொன்னா?" விறுவிறுவென்று உள்ளே வந்தவள், கிதாரின் சத்தத்தை மாற்றித்தர தரையில் வைத்திருந்த பெடலைக் காட்டினாள். "இந்த டப்பா எப்ப வந்துச்சு?"

"போன வாரம். கிதாருக்கு மாட்டியிருந்த பழைய ஆம்ப்ளிஃபயர் புகைஞ்சுபோச்சு. அதே மாதிரி வாங்கக் கட்டுப்படியாகல. விலை மலிவான இந்தப் பெடல்லயே அந்தப் பழைய சத்தம் வரும்னு கடைக்காரர் சத்தியம் பண்ணார்."

"எங்க வருது? இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சார் நான் தூங்கறேன். அது மாறினதுலேருந்து பொட்டுத் தூக்கமில்ல!"

அவளே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெடலின் திருகைத் திருப்பினாள்.

"வாசிங்க. இன்னும் கொஞ்சம் கரகரன்னு... ம், இதேதான்."

சொன்னவள் சுவரில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள். விரல் கடுத்தும் மாஸ்டர் வாசிப்பை நிறுத்தவில்லை.

மறுவருஷம் கீழ்வீடு காலியானது. அவள் தூரமாக எங்கும் போய்விடவில்லை. மாலையும் கழுத்துமாக மாடிக்குத்தான் ஏறினாள்.