நன்றி, மச்சான்

எலிசியோ ஆறு மணிக்கு எழுந்தான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். நாய்க்கு நேற்றைய எலும்பைப் போட்டான். மேசை அருகே இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டான். ஆறேகாலுக்குக் கதவு தட்டப்பட்டது.

மனைவி நொயெமி இறந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. அன்றிலிருந்து அவளுடைய அண்ணன் அப்தோன் தினமும் வருகிறான். யாரும் கூப்பிடுவதில்லை. வந்ததும் கெண்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சுரைக்குடுவையில் மாத்தே இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றுவான். ஒரே குழலில் இருவரும் மாற்றி மாற்றி உறிஞ்சுவார்கள். பேச்சு கிடையாது. எலிசியோ குடிப்பதையே அப்தோன் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எலிசியோவுக்கு ஓர் ஊகம் உண்டு. அடக்கத்தன்று எல்லோர் முன்னாலும் அப்தோன் சொன்னது அவனுக்கு மறக்கவில்லை. "சாந்தா ரோசா ஆஸ்பத்திரிக்கு ரெண்டு நாள் முன்னாடி கொண்டு போயிருந்தா பொழைச்சிருப்பா, வாத்தியாரே."

இன்னொன்றும் உண்டு. அவள் கண் மூடும்போது பக்கத்தில் இருந்தவன் அப்தோன்தான். எலிசியோ வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தான். கடைசியாக என்ன சொன்னாள் என்று பத்து முறையாவது கேட்டிருப்பான். ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் பதில். சொல்லும்போது அப்தோன் ஜன்னலைப் பார்ப்பான்.

நேற்று எலிசியோ தானாகவே வாயைத் திறந்தான். ஆண் மான்கள் இணை தேடிக் கத்தும் பருவம் இது. மாமனார் விட்டுப்போன துப்பாக்கி சுவரில் தொங்குகிறது. வேட்டைக்குப் போகப்போகிறேன், தோட்டா வேண்டும் என்றான். கொண்டு வருகிறேன், நானும் வருகிறேன் என்றான் அப்தோன்.

முதல் குடுவையை உறிஞ்சி முடித்து எலிசியோ திருப்பிக் கொடுத்தான்.

"நன்றி, மச்சான்."

கெண்டியைத் தூக்கிய கை அப்படியே நின்றது. மாத்தே குடித்துவிட்டுக் குடுவையைத் தரும்போது நன்றி சொன்னால், போதும், இனி எனக்கு ஊற்றாதே என்று பொருள். வேண்டுமென்பவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். எலிசியோ கெண்டி ஆறும்வரை வாயைத் திறக்காத ஆள். நொயெமி அதைச் சொல்லியே அவனைக் கேலி செய்வாள்.

"ஒண்ணுலயே போதுமா?"

"போதும். நேரமாச்சு."

நாயைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவன் திரும்பியபோது துப்பாக்கி அப்தோனின் மடியில் இருந்தது. எண்ணெய் போட்டாயிற்று, தோட்டாவும் அடைத்தாயிற்று என்றான். முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

வண்டியில் ஏறும்போது, "கயிறும் இல்ல, கத்தியும் இல்ல. மானை எப்படிக் கொண்டு வருவே, வாத்தியாரே? பாடம் நடத்திக் கூட்டிட்டு வருவியா?" என்று கேட்டான். சிரிக்கவில்லை.

காட்டோரத்தில் வண்டி நின்றது. தனியாகப் போகிறேன் என்றான் எலிசியோ. தடுப்பான் என்று எதிர்பார்த்தான். அப்தோன் தலையை மட்டும் ஆட்டினான். பன்றிகள் உலவும் காட்டுக்குள், துப்பாக்கி பிடித்தே பழகாதவனை, அவ்வளவு சுலபமாக.

எலிசியோ கொஞ்ச தூரம் நடந்து ஒரு முள்மரத்தடியில் உட்கார்ந்தான். எங்கோ ஒரு மான் கத்தியது. விசையை அழுத்தினான்.

'டிக்' என்றது. வெடிக்கவில்லை.

துப்பாக்கியின் தாழ்ப்பாளை இழுத்து அந்தத் தோட்டாவை வெளியே தள்ளினான். அடுத்ததை ஏற்றினான். மறுபடியும் 'டிக்'. மான் கத்திக்கொண்டே இருந்தது.

புல்லில் கிடந்த தோட்டாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். அடியில், அடிபட்டதும் தீப்பற்றும் செப்பு மூடி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. தோட்டா செய்வது அப்தோனின் கைத்தொழில். ஏற்றி இறக்கப் பழகுகிறவர்களுக்கென்று மருந்தில்லாமலும் சில செய்து வைத்திருப்பான். இரண்டையும் வேறு வேறு டப்பாவில் வைக்கிறவன். கைதவறி மாறியிருக்க வழியில்லை.

பின்னால் சருகு நொறுங்கியது. பத்தடி தள்ளி அப்தோன் நின்றிருந்தான். பின்னாலேயே வந்திருக்கிறான். வேட்டைக்கு வந்தவன் கையில் துப்பாக்கி இல்லை. அக்குளில் வெந்நீர் பிளாஸ்க்கும் கையில் குடுவையும் இருந்தன.

என்னைக் கொல்லப் பார்த்தீர்களா என்று எலிசியோ கேட்டான். பன்றி வந்திருந்தால் என் கதி என்ன என்றான்.

"பன்றி வந்துச்சா?"

"இல்ல."

"மான் வந்துச்சா?"

எலிசியோ கையிலிருந்த தோட்டாவைப் புல்லில் போட்டான்.

"அது ஓடைக்கு அந்தப் பக்கம் கத்திட்டிருக்கு. அப்ப ரெண்டு தடவை நீ எதைச் சுட்டே, மச்சான்?"

அப்தோன் அவன் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கி மரத்தில் சாய்த்தான். பக்கத்தில் உட்கார்ந்து குடுவையில் வெந்நீர் ஊற்றினான். பாதி தரையில் சிந்தியது. மீதியை நீட்டினான். எலிசியோ வாங்கிக்கொண்டான். உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். ஒன்றும் சொல்லவில்லை.

அப்தோன் மறுபடி ஊற்றினான். "அவ கடைசியா என்ன சொன்னாள்னு கேட்டியே. உங்கிட்டச் சொல்லமாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்திருந்தேன்."

இந்த முறை அவன் ஜன்னல் எதையும் தேடவில்லை. எலிசியோவைப் பார்த்தே சொன்னான்.

"'அண்ணே, முதல் குடுவைக்கே அவர் நன்றி சொன்னா, தனியா விட்டுடாதே.'"