அடிக்கு ஓசை தருபவள்

சாளரமற்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் திரையின் நீல வெளிச்சம் மட்டும் விழுகிறது. திரைப்படத்தில் விழும் அடி உதைகளுக்கெல்லாம் ஓசை தருபவள் மேசைமுன் அமர்ந்திருக்கிறாள். எலும்பு முறியும் ஓசைக்கென ஒரு முட்டைக்கோசும், கன்னத்தில் விழும் அறைக்கென நனைத்த தோல்வாரும் மேசையில் கிடக்கின்றன. திரையில், எதிர்த்துப் பேசிய மனைவியை அறையக் கையோங்கியபடி கதாநாயகன் உறைந்து நிற்கிறான். ஓசை தருபவளோ தோல்வாரைத் தொடவேயில்லை. "பளார்னு ஒண்ணு போடுங்கக்கா. தியேட்டரே விசிலடிக்கணும்," என்கிறார் இயக்குநர். "நேத்து என் பொண்ணை வகுப்புல ஒரு பையன் அறைஞ்சிருக்கான் தம்பி. அறையும்போதே வாயால பளார்னு சத்தமும் குடுத்தானாம். மொத்த வகுப்பும் கைதட்டுச்சாம். அது படத்துக்கு நான் செஞ்ச சத்தம்," என்கிறாள் அவள். "ஊர் கெட்டதுக்கே நீங்கதான் காரணமாக்கா? ரொம்பத்தான்! நீங்க போடலைன்னா நாளைக்கே வேற ஆள் வருவான். அப்புறம் இந்தப் பக்கம் உங்களுக்கு வேலையே இருக்காது." "வரட்டும். என் கை போடாது. முதல்ல சத்தமில்லாம ஒருதரம் ஓட்டிப் பாருங்க."

ஒலிப்பதிவாளர் பொத்தானை அழுத்துகிறார். சிறு ஓசையுமின்றிக் கை இறங்க, மனைவியின் முகம் ஒருபக்கமாகத் திரும்பி, உதடு நடுங்குகிறது. குளிரூட்டியின் முனகல் மட்டும் கேட்கிறது. விசிலுக்கென்றே எடுத்த காட்சியைக் காணமாட்டாமல், இயக்குநர் கைப்பேசியைப் பார்ப்பதுபோலத் தலைகுனிந்துகொள்கிறார். "பார்க்கவே அசிங்கமா இருக்கே," என்று ஒலிப்பதிவாளர் தமக்குள் முணுமுணுக்கிறார். "அசிங்கம்தான். அப்படியே தெரியட்டும்," என்கிறாள் அவள், நாற்காலியை விட்டு எழாமலேயே.